மரகதம் வீட்டை விட்டுப் போகும் கதை

குணங்காப்பான் என்ற இயந்திரம் இந்திராணியின் கதையை மறுபடியும் திருப்பி அனுப்பியது. காரணம் ஒரே வரியில் இருந்தது: "மரகதம் வீட்டை விட்டுப் போகமாட்டாள்."

"அவளை உண்டாக்கினவளே நான்தான்!" என்று இதழாசிரியர் கோகுல்நாத்தின் மேசையைத் தட்டினாள் இந்திராணி. "அவ போவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாதா?"

"கத்தாதீங்க மேடம். அந்த மெஷின் வேணும்னு கேட்டதே நீங்கதானே?"

உண்மைதான். அந்த வார இதழில் பதினெட்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தன மரகதம் கதைகள். குடித்துவிட்டு வந்து கை நீட்டும் கணவன் வேலுச்சாமி. கோபித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய், கடைசிப் பத்தியில் மனம் இளகித் திரும்பும் மரகதம். ஒரு கதையில் அவள் மகளின் பெயர் மாறிவிட்டால் போதும், வாசகர்கள் வறுத்தெடுத்துவிடுவார்கள். சலித்துப்போய்த்தான் இந்திராணி இந்த இயந்திரத்தைக் கேட்டாள். பழைய கதைகளையெல்லாம் படித்துவைத்துக்கொண்டு, பாத்திரத்தின் குணத்துக்கு ஒவ்வாத எதையும் அது தடுத்துவிடும். அதோடு நிற்கவில்லை. சந்தாதாரர்கள் கைபேசியில் அழைத்தால் மரகதமாகவே பேசவும் தொடங்கியது.

அப்படித் தினமும் மரகதத்தோடு பேசுகிறவள்தான் வெள்ளகோவில் மைனாவதி. போன வாரம் இந்திராணிக்கே போன் செய்து நன்றி சொன்னாள்.

"வீட்டுக்காரர் அடிச்சதுல காதுச் சவ்வு கிழிஞ்சுபோச்சுங்க. அம்மா வீட்டுக்குப் போயர்லாம்னு துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டனுங்க. மரகதம் அக்காதான் பொறுத்துப் போகச் சொன்னாங்க."

அன்றே இந்திராணி எழுத உட்கார்ந்தாள். இந்த முறை மரகதம் பஸ் ஏறிவிட்டாள்.

"மெஷினை நிறுத்திட்டு இதை அப்படியே போடுங்க" என்றாள் இப்போது.

"நிறுத்தினா வாசகருங்க நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாங்க. மரகதம் இனிமே உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல மேடம்."

அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட அவளுக்குப் பொறுமையில்லை. வெள்ளகோவிலுக்கு வண்டி பிடித்தாள்.

கதவைத் திறந்த மைனாவதியின் ஒரு காதில் பஞ்சு இருந்தது. "ஏனுங்க, நீங்களே வந்துட்டீங்களா! உள்ள வாங்க, உக்காருங்க."

இந்திராணி உட்காரவில்லை. "துணிமணியை எடும்மா. உங்க அம்மா வீட்டுல நானே கொண்டுபோய் விடுறேன். மரகதம் சொல்றதெல்லாம் நான் கற்பனையா எழுதினது. அதை நம்பி அடி வாங்கிட்டு இருக்காதே."

மைனாவதி மலைத்து நின்றாள். கண் கலங்கியது. அலமாரி மேலிருந்த பையை எட்டி எடுத்தாள்.

"ஒரு நிமிஷமுங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றனுங்க."

"வேண்டாம் மைனாவதி!"

அதற்குள் அவள் பையும் கைபேசியுமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளிருந்து மரகதத்தின் குரல் கேட்டது. கனிவான, அவசரப்படாத பேச்சு. ஒவ்வொரு சொல்லும் இந்திராணி எழுதியது. படிப்பவர் அழ வேண்டும் என்றே பார்த்துப் பார்த்து எழுதியது. உள்ளே போய் வாதாடலாமா என்று நினைத்தாள். சமையலறை வாசல் வரை போனவள், தன் வரிகளையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள்.

மைனாவதி காபியோடு திரும்பி வந்தாள். கையில் பை இல்லை. முகம் தெளிந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதுறவங்க. அக்காதானுங்களே வாழ்ந்து பார்த்தவங்க."