மூன்று மிதவைகள்

"எங்கப்பா சரியா சாப்பிடுறதே இல்ல மேடம். நாளைக்கு அவரோட மீன்பிடி உரிமத்தை ரத்து பண்ணப்போறாங்க. மேல் ஏரிக்குப் பாசியைக் கொண்டுவந்தது அவர்தானாம்."

வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா மேல் ஏரியில் மீன் பிடிப்பவர். ஊரே குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். எங்கிருந்தோ வந்த ஒரு பாசி கீழ் ஏரியை ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்தது. விரல் நீளத் துண்டு ஒன்று போதும், விழுந்த இடத்தில் வேர்விட்டு மற்ற செடிகளையும் மீன் குஞ்சுகளையும் மூச்சுமுட்ட வைத்துவிடும். இப்போது அது மேல் ஏரியிலும் தலைகாட்டியிருந்தது.

துப்பறிவாளர் பேனாவை மூடி வைத்தார். அவருக்குத் துணை அவருடைய கொழுந்தன். தலை நரைத்தும் நிதானம் வராத மனிதர். அண்ணி முதல் படியில் கால் வைப்பதற்குள் மாடிக்கு ஓடி, தப்பான கதவைத் தட்டிவிட்டு வருகிற ரகம்.

"உங்கப்பா கீழ் ஏரியிலயும் வலை போடுவாரா?"

"போடுவாரு. கேட்டவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டாரு. அதான் வினையாப் போச்சு."

மேல் ஏரிக்கரையில் கம்புகளுக்கு நடுவே மீனவரின் வலை காய்ந்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஓடிப்போய், கண்ணியில் சிக்கியிருந்த பாசி இழை ஒன்றை எடுத்துவந்தார்.

"அண்ணி, கையும் களவுமா சிக்கிட்டாரு."

அண்ணி அதை விரல்களுக்கிடையே தேய்த்தார். அது தூளாகி உதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மீனவர் பக்கம் திரும்பினார்.

"வலையை எப்பவும் காயப்போடுவீங்களா?"

"ஈரவலை இத்துப்போயிடும்மா. மொறமொறன்னு காயாம தண்ணியில இறக்கமாட்டேன்."

"இங்க எந்தப் பக்கம் போடுவீங்க?"

"இந்தக் கோரைப்புல் ஓரமாத்தான். மீன் இங்கதான் ஒதுங்கும். நடு ஏரியில எனக்கென்ன வேலை?"

அவருடைய படகிலேயே சுற்றிப் பார்த்தார்கள். கோரை ஓரத்தில் பாசியே இல்லை. நடு ஏரியில் மூன்று வெள்ளை மிதவைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி அடியில் ஒரு பச்சைத் திட்டு. இடையில் எல்லாம் தெளிந்த தண்ணீர், அடிமணல் தெரிந்தது.

"இந்த மிதவை யாரோடது?"

"களை அதிகாரி போட்டது. பாசி வந்திருக்கான்னு வாராவாரம் சோதிப்பாரு."

களை அதிகாரியின் அறை கரையிலேயே இருந்தது. ரப்பர் பூட்ஸ்கள் தலைகீழாகத் தொங்கின. நீளப் பற்கள் கொண்ட இரும்பு வாரி பளபளத்தது. அதிகாரி எழுந்து ஏரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த ஏரியையாவது காப்பாத்தணும்னு நாயா உழைச்சேன் மேடம். அவரு வலை எல்லாத்தையும் கெடுத்துடுச்சு."

"சோதனையை எப்படிச் செய்வீங்க?"

"வாரியைக் கயித்துல கட்டி மிதவை பக்கத்துல வீசுவேன். அடியோட இழுத்து, பாசி மாட்டுதான்னு பார்ப்பேன்."

"முதல்ல எந்த ஏரி?"

"கீழ் ஏரி. அங்கதானே வேலை அதிகம். முடிச்சிட்டு நேரா இங்க வருவேன். ஆனா படகு, பூட்ஸ், வாரி எல்லாத்தையும் வெந்நீர்ல கழுவிட்டுத்தான்."

"கயிறு?"

"அது அந்த வாளியில இருக்கு. காஞ்சா விறைச்சுக் கையைக் கிழிக்கும். ஈரமாவே மூடி வச்சிடுவேன்."

துப்பறிவாளர் மீனவரையும் மகளையும் உள்ளே அழைத்தார். யாரும் உட்காரவில்லை.

"வலையில பாசி இருந்தது உண்மை. ஆனா அது செத்த பாசி. காஞ்ச துண்டு முளைக்காது. இவர் போகிற கோரை ஓரத்துல ஒரு இழைகூட இல்ல. பாசி முளைச்சது மூணே இடத்துல, மூணும் மிதவையடி. வாராவாரம் அங்க தண்ணியில இறங்குற பொருள் எதுன்னு நான் சொல்லத் தேவையில்ல."

"வாரியைக் கழுவிட்டேனே," என்றார் அதிகாரி.

துப்பறிவாளர் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, வாளியிலிருந்த கயிற்றை எடுத்துப் புரி பிரித்தார். உள்ளே பச்சையாக ஒரு பாசித் துண்டு இருந்தது. நுனியில் வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

அதிகாரி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைவிட அந்த ஏரியை நேசித்தவர் ஊரில் இல்லை. அதனால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தேடித் தேடி நானே விதைச்சிருக்கேன்," என்றார்.

"எங்கப்பாவை ஊர் முன்னாடி திருடன் மாதிரி நிக்க வச்சீங்களே சார்," என்றாள் மகள்.

"நாளைக்கு அதே ஊர் முன்னாடி நான் நிக்கிறேம்மா. கொண்டுவந்தது நான்தான்னு சொல்றேன்."

"திட்டு மூணும் இன்னும் சின்னதுதான். வேரோட கையால பிடுங்கி, மேல சாக்கை விரிச்சு மூடினா ஏரி தப்பிச்சிடும். தாமதிச்சா முடியாது," என்றார் துப்பறிவாளர்.

அதிகாரி மீனவரை நிமிர்ந்து பார்த்தார். தனியாளாகப் பிடுங்கி முடிக்க முடியாது, ஆனால் உதவி கேட்க அவருக்கு முகம் இல்லை.

மீனவர் கயிற்றை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கம்பில் இருந்த தன் வலையை ஒதுக்கி, கயிற்றைப் பிரித்து வெயிலில் போட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"வீட்ல சாப்பாடு இருக்காம்மா? சாருக்கும் சேர்த்து எடுத்துட்டு வா. சாப்பிட்டுட்டுப் படகை எடுக்கிறோம்."