மலைப்பாதையில் பன்னிரண்டரை

மழை திடீரென்று கொட்டத் தொடங்கியது. மாலை வகுப்பு முடிந்து வந்தவள் ஸ்கூட்டரைப் பெட்ரோல் பங்க்கின் கூரைக்குள் நுழைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியில் ஒட்டிய முடியை விலக்கி, நிம்மதியாக மூச்சை இழுத்தாள்... அவ்வளவுதான். இருமல் பிடுங்கி எடுத்தது.

முன்னால் நின்ற சிவப்புக் கார் கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

"ஹலோ! வண்டியைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?"

கதவு திறந்தது. இறங்கியவனின் கன்னத்தில் கிரீஸ். கண்களில்... அவள் அவசரமாகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மழைக்குள் எரியும் விளக்கு மாதிரி, என்ன கண்கள் இவை!

"சாரிங்க. அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு சந்தேகம்."

"எப்படி ஆகும்? உங்க வண்டி பெட்ரோலைக் குடிக்கலைங்க... கொப்பளிக்குது!"

காருக்குள்ளிருந்து ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். "டேய் தம்பி, இத்தனை நாளா நான் சொல்ல நினைச்சதை இந்தப் பொண்ணு ஒரே வரியில சொல்லிட்டா!"

அவனுக்குச் சுருக்கென்றது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த சின்ன வட்ட மீட்டரைக் காட்டினான்.

"இதைப் பாருங்க. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து சேருதுன்னு காட்டும். பதினாலே முக்கால் வந்தா சரிசமம். இப்பப் பதினாறு. அப்ப காத்துதானே அதிகம்? அதனாலதான் பெட்ரோலைக் கூட்டிக்கிட்டே போறேன்."

"புகையும் கறுத்துக்கிட்டே போகுது..."

அவன் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான்.

பகலில் சமையல் எரிவாயு சிலிண்டர்களின் கசிவைச் சோதிப்பது அவள் வேலை. மாலையில் இன்ஜின் வகுப்பு. இரண்டும் சேர்ந்து மண்டைக்குள் ஏதோ சொல்லின. சொல்லலாமா, வேண்டாமா... தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறந்தாள்.

"புகைக்குழாய்ல, மீட்டரோட சென்சாருக்கு முன்னாடி சின்னதா ஓட்டை இருந்தா, வெளிக்காத்து உள்ள போயிடும். சென்சார் அதையும் சேர்த்து எண்ணிடும். மீட்டர் உங்களை ஏமாத்துது... நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்."

"தப்புதாங்க. அந்தக் குழாயை வெல்டிங் பண்ணினதே நான்."

"நீங்க பண்ணினா காத்து பயந்துடுமா?"

அக்காவுக்கு மறுபடியும் சிரிப்பு. "நாளைக்குச் சாயங்காலம் எங்க ஷெட்டுக்கு வா கண்ணு. இவன் பேங்க் வேலையை விட்டுட்டு இந்த இன்ஜினை மாத்திக் கட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமை மலையேறும் போட்டி. வண்டி உச்சிக்குப் போகலைன்னா, திங்கக்கிழமையிலிருந்து அப்பாவோட சோபா கடையில உட்காரணும்."

"அக்கா!" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் மாலை, ஷெட்டில், வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே வரும் வாயைப் புகைக்குழாயின் நுனியில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணியைச் சுற்றினாள். காற்று உள்ளே பாய்ந்தது. சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினாள். ஒன்றுமில்லை... அடுத்ததிலும் ஒன்றுமில்லை...

கைகட்டி நின்றவன் சிரித்தான். "ஏமாத்தினது மீட்டரா? நீங்களா?"

காது மடல் சுட்டது. ஓடிவிடலாமா... இல்லை. இன்னொரு முறை. ஆரம்பத்திலிருந்து, மெதுவாக. சென்சாருக்குச் சற்று முன்னால், பளபளத்த வெல்டிங்கின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒரு குமிழி எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக...

அக்கா கைதட்டினாள். அவன் முகம் சுருங்கியது.

"கண்டுபிடிச்சாச்சுல்ல? கிளம்புங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

ஒரு நன்றி கூட இல்லை! வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். ச்சே... யாரோ ஒருத்தன். எதற்கு இந்த அழுகை?

அடுத்த நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே அதே கார். புகையே இல்லை. சாய்ந்து நின்றவன் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"நீங்க வேலை செய்யற இடத்தை அக்காதான் சொன்னா. வெல்டிங்கை வெட்டிப் போட்டுட்டு, புதுசாப் போட்டேங்க. சோப்புத் தண்ணியும் தடவினேன். ஒரு குமிழி வரல. கூட்டின பெட்ரோலை எல்லாம் குறைச்சுட்டேன். சந்தோஷமா இருந்திருக்கணும்... ஆனா பக்கத்துல நீங்க இல்லாதது என்னவோ மாதிரி இருந்துச்சு. நேத்து அப்படிப் பேசினது திமிருங்க. மன்னிச்சிடுங்க."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அப்புறம்?"

"போட்டியில பக்கத்து சீட்டுல ஒருத்தர் உட்காரலாம். நான் ரோட்டைப் பார்க்கணும். மீட்டரைப் பார்த்துச் சொல்ல..."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

ஞாயிற்றுக்கிழமை. கொடி இறங்கியது. இன்ஜினின் உறுமலுக்கு மேல் அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பதிமூணு... பன்னெண்டரை... பன்னெண்டரை!"

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பெட்ரோல் சற்றுக் கூடுதலாகச் சேர வேண்டும்; அதற்கு அதுதான் சரியான எண். கார் பறந்தது. பாறைகளும் மரங்களும் பின்னால் ஓடின. உச்சிக்குச் சற்று முன் நீண்ட இடது வளைவு. எண் ஏறத் தொடங்கியது. பதிமூன்றரை... பதினான்கு... பதினைந்து! இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே மிதித்தால், பெட்ரோல் போதாத சூட்டில் பிஸ்டன் உருகிவிடும்.

"காலை எடுங்க!"

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கால் உடனே எழுந்தது. வேகம் செத்தது. நொடிகள் நழுவின... டேங்கில் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்த பெட்ரோல், வளைவு முடிந்ததும் திரும்பி வந்தது. எண் இறங்கியது.

"இப்ப மிதிங்க! மிதிங்க!"

முடிவுக்கோட்டைத் தாண்டியபோது ஒலிபெருக்கி அலறியது. புதியவர்கள் பிரிவில் முதலிடம்!

அவனுடைய அப்பா காரை ஒருமுறை சுற்றி வந்தார். தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை கடைக்கு வராதே. இந்த வேகத்துல நீ சோபா வித்தா வாங்க வர்றவங்களும் ஓடிடுவாங்க." சொல்லிவிட்டு மகனை இறுக அணைத்துக்கொண்டார்.

கூட்டம் சற்று விலகியதும் அவன் அவள் அருகில் வந்தான்.

"வீட்டுல யார் சொன்னாலும் எதிர்த்துக் கேள்வி கேக்கிறவன் நான். இன்னைக்கு உங்க குரல் கேட்டதும் கால் தானா எழுந்துடுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது... எனக்கு உங்க மேல காதல்ங்க."

அவள் வாயைத் திறந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.

"என்ன சொன்னீங்க?" அவன் குனிந்தான்.

மறுபடியும் முணுமுணுத்தாள். அவன் காது சிவந்தது.

"எங்களுக்குக் கேக்கலையே!" என்றாள் அக்கா தூரத்திலிருந்து.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கட்டிய தொண்டையோடு, மலையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"எனக்கும் இவரைப் பிடிச்சிருக்கு!"