நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

ஷெட் காலி.

ஷட்டரைத் தூக்கிவிட்ட கையோடு ஸ்ரீனிவாஸ் அப்படியே நின்றுவிட்டான். காலையில்தான் தெருவே வேடிக்கை பார்க்க, லாரியிலிருந்து இறங்கியது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மோட்டார் பம்பு செய்து விற்கிற குடும்பத்தில் முதன்முதலாக வாங்கிய சொகுசு வண்டி. சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து ஆசை ஆசையாக ஓடிவந்து பார்த்தால் வெறும் சிமெண்ட் தரை! நாலு டயருக்கும் முன்னால் அம்மா பங்காரம்மா வைத்த நாலு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"ஐயோ நாயனா!" என்று வீட்டுத் தெலுங்கில் அலறி, அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பிய பங்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆடி கடைசி நாள், இன்றைக்கு யாரும் ஓட்டக்கூடாது. நாளைக்கு ஆவணி ஒன்று, நல்ல நேரத்தில் என் பையன்தான் பழத்தை நசுக்கி வண்டியை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் மேல் விழுந்த கண்ணெல்லாம் பழத்தோடு நசுங்கிப்போகுமாம்.

ஆறு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் திருமலைசாமி வந்தார். பின்னாலேயே இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் பக்ருன்னிசா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். உள்ளூர்க் கோட்டைமேட்டுக்காரி. பொய் க்ளெய்ம் என்றால் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள் என்று கம்பெனியில் பேச்சு.

"கேமராவுல ஒண்ணுமில்லீங்க," என்றார் திருமலைசாமி. "மாசாந்திர மின்தடை. காலையில போன கரண்ட்டு அஞ்சு மணிக்குத்தான் வந்திருக்குது. மத்தியானம் ஊட்டுல இருந்தது ரெண்டே பேரு. சாரோட சம்சாரமும், இந்த டிரைவர் ஆல்வினும். வண்டியை ரிவர்ஸ்ல ஷெட்டுக்குள்ள ஏத்தினதே இவந்தான்."

ஆல்வின் சுவரோரமாக நின்றிருந்தான்.

"மத்தியானம் எங்கப்பா போனே?"

"பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேனுங்க."

"யாரு போகச் சொன்னது?"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே? ஜீப்புல ஏறு!"

"அவன் பொண்டாட்டிக்கு நிறைமாசமுங்க!" என்று பதறினாள் பங்காரம்மா.

ஸ்ரீனிவாஸ் ஆல்வினையே பார்த்தான். இவனா? மனைவி ஹர்ஷிணிதான் போன வருஷம் பிடிவாதமாக இவனை வேலைக்குச் சேர்த்தாள். 'வேலை அலுப்போட நீங்க ஸ்டியரிங் பிடிக்க வேண்டாங்க' என்று அன்றிலிருந்து ஸ்ரீனிவாஸை வண்டி ஓட்டவே விடுவதில்லை. நல்ல பையன் என்று அவனும் ஆல்வினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினானே!

ஹர்ஷிணி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் உறிஞ்சிய ஸ்ரீனிவாஸ் "ஸ்ஸ்!" என்று டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்னாச்சுங்க சார்?" பக்ருன்னிசா கேட்டாள்.

"ராத்திரி தூக்கத்துல நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அப்பப்ப இப்படித்தான் ஆகுது. அதை விடுங்க மேடம், வண்டியைப் பாருங்க!"

"நீங்க எங்கிருந்தீங்க அம்மணி?" என்று ஹர்ஷிணி பக்கம் திரும்பினாள் பக்ருன்னிசா.

"தலைவலிங்க. மாடியில ஏசி போட்டுப் படுத்துட்டேன். சத்தம் ஒண்ணும் கேக்கல."

பக்ருன்னிசா ஷெட்டுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பழமாக எடுத்து உருட்டிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. வெளியே வந்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இவரை இறக்குங்க."

"ஏனுங்க?"

"திருடன் பழத்து மேலயே ஏத்திக்கிட்டுப் போயிருப்பான். இங்க ஒருத்தர் பழத்தை எடுத்து ஓரமா வெச்சுப்போட்டு, வண்டியை வெளிய எடுத்து, மறுபடி இறங்கி வந்து அதே இடத்துல வெச்சிருக்காங்க. ஸ்ரீனிவாஸ் சார் நல்லாயிருக்கோணும்னு வெச்ச பழத்தை நசுக்க அவங்களுக்கு மனசு வரல. இது அவருக்குக் கெட்டது நினைக்கற ஆள் செய்யற காரியமில்லீங்க. அம்மா கோயில்ல இருந்தாங்க." அவள் ஹர்ஷிணியைப் பார்த்தாள். "கரண்ட்டே இல்லாத மத்தியானத்துல ஏசி எப்படி அம்மணி ஓடுச்சு?"

ஹர்ஷிணியின் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது.

"நீயா?" ஸ்ரீனிவாஸ் அவள் பக்கம் திரும்பினான்.

"நாந்தானுங்க. ஆல்வினைப் பூ வாங்க அனுப்பிப்போட்டு நாந்தான் எடுத்தேன். சிங்காநல்லூர்ல எங்கப்பாவோட பழைய குடோன்ல நிக்குது."

"ஏன் ஹர்ஷிணி? உனக்குப் பைத்தியமா?"

அவள் அழுதுகொண்டே நின்றாள். பக்ருன்னிசாதான் மெல்லக் கேட்டாள். "தூக்கத்துல நாக்கைக் கடிச்சுக்கறாரு. ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேங்கறீங்க. சாருக்கு வலிப்புங்களா அம்மணி?"

ஸ்ரீனிவாஸ் சிரிக்கப் பார்த்தான். ஹர்ஷிணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"போன வருஷத்துல இருந்தே தூக்கத்துல கை கால் இழுக்குதுங்க. நுரை தள்ளுது. விடிஞ்சா உங்களுக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. பயந்துதான் டிரைவர் வெச்சேன். போன மாசம் வீடியோ எடுத்து டாக்டர்கிட்டக் காட்டினேன். வண்டியே ஓட்டக்கூடாது, உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு. அன்னைக்குப் பாத்து நீங்க இந்த வண்டியை புக் பண்ணிட்டு, சின்னப்பையனாட்டம் குதிச்சுக்கிட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்லுவேன்? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே இருந்துட்டேன். விடிஞ்சா நீங்க ஓட்டிருவீங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க!"

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றான் ஸ்ரீனிவாஸ்.

அவள் ஜீப்பிலிருந்து இறங்கிய ஆல்வினைப் பார்த்தாள்.

"பொள்ளாச்சி ரோட்டுல ஒருநாள், பின்சீட்டுல தூங்கறப்ப உங்களுக்கு வந்துச்சுங்க," என்றான் ஆல்வின். "நாந்தான் உங்களைப் புடிச்சுக்கிட்டேன்."

"ஜெயிலுக்கே கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க. அப்பக்கூட ஏன்யா சொல்லல?"

"அம்மணிதான் வண்டியை எடுத்திருப்பாங்கன்னு ஷெட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. ஏன் எடுத்தாங்கன்னும் தெரியும். உங்க நோவைப் போலீஸ்காரரு முன்னால நான் எப்படிங்க போட்டு உடைக்கறது?"

திருமலைசாமி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஸ்ரீனிவாஸ் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். விடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவிநாசி ரோட்டில் பறக்கிறேன் பார் என்று காலையில்தான் பீற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நாளைக்கு உன்னையும் சேத்து நான்..." என்று பங்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

பங்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் வந்தாள்.

"அந்த டாக்டர் இந்நேரம் இருப்பாராம்மா?"

"இருப்பாருங்க அத்தை."

"அப்ப ஏன் நின்னுக்கிட்டிருக்கோம்? அவனை எந்திரிக்கச் சொல்லு."