சங்கு ஊதாத வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியின் பேக்கிங் ஹாலில் இன்னும் புகை நெடி மூக்கைத் துளைத்தது. கூரைவரை அடுக்கிய மூட்டைகளில் பாதி கரி. சுவர், தூண், எடை மெஷின், எங்கே தொட்டாலும் கையில் ஒட்டும் கரிப் பிசுக்கு. முந்தின நாள், ஆயுத பூஜை முடிந்த கையோடு, மத்தியானம் இங்கே தீப்பிடித்தது. பேக்கிங் வேலை செய்யும் ராஜகுமாரி கை வெந்துபோய் கோவை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தீயைக் கண்டதும் ஊரைக் கூட்ட வேண்டிய அபாயச் சங்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பாண்டியராஜைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது. டியூட்டி ஆபரேட்டர் விஜயன்தான் குற்றவாளி. அலாரம் பெட்டியின் சாவி அவனிடம்தான் இருந்தது. நீராவிக்கெல்லாம் கூவுகிறது என்று போன மாதம் சங்கை அணைத்து மெமோ வாங்கியவனும் அவன்தான். ஆளைப் பிடித்து ஜீப்பில் உட்காரவைத்தாயிற்று. எஸ்டேட் நிர்வாகமோ ஒரு படி மேலே போய், சாயங்காலத்துக்குள் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. வேலை போனால் கூரையும் போச்சு, தோட்டத்து நியாயம் அப்படி! விஜயனின் மனைவி சுகுணா, பூஜைக்குக் கட்டி வாடிப்போன வாழைக்கன்றைப் பிடித்தபடி கேட்டருகே நின்றாள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பிய இன்ஜினியர் சசிரேகா வந்து பார்த்துவிட்டால் கிளம்பலாம் என்று பாண்டியராஜ் காத்திருந்தார். இயந்திரங்கள் எதனால் கெடும், எப்போது காலை வாரும் என்று கணிப்பதே அந்த அம்மாவுக்குத் தொழிலாம். வந்ததும் வராததுமாக சசிரேகா அலாரம் பெட்டி முன்னால் போய் நின்றார்.

"இந்த ஹால்ல தீயைப் பார்க்க மூணு எலெக்ட்ரிக் கண்ணு வச்சிருக்காங்க சார். ரெண்டு தூண்ல, ஆள் உயரத்துல. மூணாவது உத்தரத்துல, ஏணி போட்டாத்தான் எட்டும். மூணுல ரெண்டு 'தீ'ன்னு சொன்னாத்தான் சங்கு ஊதும். ஒண்ணு மட்டும் தப்பாச் சொன்னா ஊர் ஓட வேண்டியதில்ல. ஒண்ணு கெட்டாலும் மத்த ரெண்டும் காப்பாத்தும்."

பெட்டியில் மூன்று விளக்குகள். முதல் இரண்டும் பச்சை. மூன்றாவது சிவப்பு.

"அந்தச் செவப்பு கோளாறுங்க மேடம்" என்றார் பக்கத்தில் நின்ற லிங்கசாமி. தூள் தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் டீமேக்கர் அவர். "பச்ச ரெண்டும் நல்லாருக்குதுங்க. சாவியத் திருப்பி அணைச்சாத்தான் சங்கு ஊதாதுங்க."

"பூஜையெல்லாம் தடபுடலா நடந்துதா?"

லிங்கசாமியின் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, எங்க ஃபேக்டரி ஆயுத பூஜைய வந்து பாக்கோணும்! ஒரு நட்டு போல்ட்டக்கூட விடமாட்டேனுங்க. வருஷா வருஷம் என் கையாலதானுங்க எல்லாத்துக்கும்."

"தீ அணைஞ்ச பிறகு ஹாலுக்குள்ள யார் போனாங்க?"

"உடனே பூட்டியாச்சுங்க. ஹால் சாவி எங்கிட்டத்தான். சாமி படத்த எடுக்க நான் ஒருக்காப் போனதோட சரிங்க."

சசிரேகா ஜீப்புக்கு நடந்தார்.

"நேத்து சாவியைத் திருப்பினீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றான் விஜயன். "போன மாசம் திருப்புனேன், ஒத்துக்கிறேன். நேத்து அந்தப் பக்கமே போகல. ராஜகுமாரி அலறுன பொறவுதான் ஓடி வந்து ஓஸ் பைப்ப இழுத்தேன்."

"நம்பிட்டோம்!" என்றார் பாண்டியராஜ்.

சசிரேகா அவரையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார். பையிலிருந்து சோதனை விளக்கை எடுத்து முதல் தூணின் கண்முன் காட்டினார். அவ்வளவுதான்! சங்கு மலையே அதிரக் கூவியது. வெளியே பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் கையிலிருந்த சாவியால் அதை அணைத்து, மறுபடி போட்டுவிட்டு இரண்டாவது கண்ணைச் சோதித்தார். அதன் விளக்கும் பளிச்சென்று சிவந்தது.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அப்போ இவன்தான்" என்றார் பாண்டியராஜ்.

"நல்லா இருக்கே சார், அதுதான் எனக்கு இடிக்குது."

சசிரேகா தூணின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் நுனி கறுத்தது. கரிக்கு அடியில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று மஞ்சளாகத் தெரிந்தது. எடை மெஷினில் ஒன்று. ஸ்விட்ச் போர்டில் ஒன்று. தீயணைப்பு வாளியில்கூட ஒன்று!

"சிவப்பு விளக்கைக் கோளாறுன்னு எல்லாரும் நினைச்சீங்க. தலைகீழா நினைச்சிருக்கீங்க சார். தீயைப் பார்த்த கண்ணுக்குத்தான் சிவப்பு எரியும். சாவியைத் திருப்புற வரைக்கும் அணையாது. விஜயன் முன்னாடியே அணைச்சிருந்தா மூணுமே குருடு, சிவப்பே வந்திருக்காது. பின்னாடி திருப்பியிருந்தா சிவப்பு போயிருக்கும். நான் வந்தப்போ அது எரிஞ்சிட்டு இருந்துது. அதனாலதான் இன்னொரு கண்ணு மட்டும் பார்த்ததுமே ரெண்டாகி, சங்கு ஊதுச்சு. நேத்து அந்தச் சாவியை யாருமே தொடல."

பாண்டியராஜ் அலாரம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த விளக்கை எத்தனை தடவை பார்த்திருப்பார்!

"அப்போ பச்சை?"

"கரண்டு வருதுன்னு அர்த்தம். கண்ணு தெரியுதுன்னு அர்த்தமில்ல. ஒரு கண்ணு கெடுறது சகஜம். ரெண்டும் ஒரே நாள்ல குருடாகி, மறுநாள் காலையில ரெண்டும் தானா குணமாகுமா? ரெண்டையும் ஒரே கை தொட்டிருக்கணும். அந்தக் கைக்கு எட்டாததால மூணாவது தப்பிச்சுது. ஹால் பூராவும் கரி. இந்த ரெண்டு கண்ணாடி மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கு, பாருங்க."

பாண்டியராஜ் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் விளிம்பின் இடுக்கில், துணி எட்டாத இடத்தில், மெல்லிய சந்தனக் கோடு. அடேங்கப்பா, என்ன மூளை இந்த அம்மாவுக்கு! இருபது வருஷ சர்வீஸில் இப்படியொரு ஆளை அவர் பார்த்ததில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பி லிங்கசாமியைப் பார்த்தார்.

"சாமி படத்தை எடுக்கத்தான் போனீங்களா?"

லிங்கசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொட்டு வெச்சது நாந்தானுங்க. நல்லாருக்கோணும்னுதானுங்க வெச்சேன். தீ அணைஞ்சு உள்ள போனா, ரெண்டு கண்ணையும் மூடிட்டு என் பொட்டு. அந்தப் புள்ள கை வெந்தது என்னாலதான்னு எப்படீங்க வாயால சொல்லுவேன்? வேட்டியால தொடச்சுப்போட்டேன்."

சசிரேகாவின் குரல் உயரவில்லை. "பொட்டு வச்சது குத்தமில்லைங்க. வச்ச பிறகு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அது மெஷினை மாட்டினவங்க குத்தம், என் ரிப்போர்ட்ல முதல் வரியே அதுதான். ஆனா நீங்க துடைச்சீங்க. உங்களுக்குப் பதிலா ஒருத்தன் ஜீப்ல உக்காந்திருக்கறதைப் பார்த்துக்கிட்டே நின்னீங்க. அது உங்க குத்தம்."

லிங்கசாமி தலை நிமிரவில்லை. கான்ஸ்டபிள் அவரை எழுப்பி அழைத்துப் போனார்.

பாண்டியராஜ் ஜீப் கதவைத் திறந்தார். "இறங்குப்பா. வீட்டுக்குப் போ. எஸ்டேட் ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

விஜயன் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தான். அவனைத் தனியாக அனுப்ப மனசு வராமல் பாண்டியராஜும் கூடவே லைன் வீடுகளுக்கு நடந்தார். சங்குச் சத்தம் கேட்டு ஓடிய சுகுணா அங்கேதான் இருந்தாள். அடுத்தவன் வந்து தூக்கி எறிவதற்குள் நாமே எடுத்து வைத்துவிடலாம் என்று பாத்திரம், பாய், குழந்தையின் தொட்டில் கம்பி எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தாள். போலீஸைக் கண்டதும் கைகூப்பினாள்.

"ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. காலி பண்ணிடுறேன்."

பாண்டியராஜ் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருந்ததிலேயே பெரிய மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"தப்பு எம்மேலதாம்மா" என்றார். "இதை உள்ள எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு."