தள்ளி உட்கார்ந்தவர்கள்

உச்சிவெயில் மண்டையைப் பிளந்தபோதும் அந்தப் பாறை மட்டும் ஆற்றடிக் கல்லைப்போலச் சில்லென்றிருந்தது. சிதெம்பிலே கையை எடுத்துக்கொண்டாள். மட்டோபோ குன்றுகளில் பாறைமேல் பாறை நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஓணானோ பாறைமுயலோ ஒன்றுகூட வெயில் காயாத பாறையைத்தான் அவள் பார்த்ததே இல்லை.

"போதும், வெளிய வாடா!"

"இரு அக்கா. அடியில அந்தக் காலத்து மனுசங்க ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சிருக்காங்க. ஒரே ஒரு போட்டோ."

தம்பி பெகெசெலா புலவாயோ நகரத்தில் வேன் ஓட்டுகிறவன். அந்தப் பாறைக்கும் அதைத் தாங்கும் அடிப்பாறைக்கும் நடுவே முழ உயர இடுக்கில் தவழ்ந்து போயிருந்தான். திரும்பித் தலை காட்டியவன் பாதியில் நின்றான்.

"மாட்டிக்கிட்டேன். காலைல ரெண்டாவது தட்டு களி வச்சது நீதானே?"

அவள் சிரித்தாள். அப்போது உள்ளிருந்து, திரிகையில் சோளம் அரைபடுவதுபோல, நிதானமாக ஒரு சத்தம் வந்தது. அவன் தலைமுடியில் மண் உதிர்ந்தது.

"அக்கா," குரல் மாறியிருந்தது. "மூச்சு விட்டா மேல்பாறை இறங்குது. இழுத்தா நிக்குது."

"அப்போ விடாதே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மரக்கிளையை முட்டுக் கொடுத்தாள், ஈர்க்குச்சியாய் ஒடிந்தது. போனில் சிக்னல் இல்லை. கீழே பாதையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிப் போனது. தொண்டை கிழியக் கத்தினாள். அது நிற்கவில்லை. ஓடலாமென்று எழுந்தாள். அவன் கை வெளியே நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"போகாதே அக்கா."

உட்கார்ந்தாள். அவன் மூச்சு விட்டான். அரைபட்டது. மறுபடி விட்டான். அவன் முகம் மறைந்தது.

இடுக்கு ஒரு சாண். நான்கு விரல். மூன்று விரல்.

மூன்று விரல் இடுக்கில் மனிதன் இருக்க முடியாது. அவள் அழவும் மறந்தாள். கை மட்டும் வெளியே. சூடாக. நாடி துடித்தபடி.

"பெகெசெலா?"

தூரத்திலிருந்து வந்தது குரல். நிம்மதியாக.

"வலிக்கல அக்கா. உள்ள நிறைய இடமிருக்கு. எல்லாரும் தள்ளி உக்காந்து உனக்கும் இடம் விட்டிருக்காங்க."

கை இழுத்தது.

குதிகாலை ஊன்றினாள். சறுக்கியது. இன்னொரு கையால் பாறையைத் தள்ளினாள். இழுத்தது.

மூன்று விரல் இடுக்கு. அவள் முழங்கை உள்ளே போயிருந்தது.

வலிக்கவில்லை.