பூட்டில்லாத கதவு

"உலகத்துல எந்த ஜெயிலும், எந்த மனுஷனையும், இம்மிகூட மாத்தினதில்ல!"

இன்ஸ்பெக்டர் தோர்கெய்ர் இதைக் கடவுள் அறிவிப்பது போல அறிவித்தார். கையில் காபி. சட்டையில் பிஸ்கட் தூள்.

ஸ்க்ரேவிக் காவல் நிலையத்தில் அதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். குன்வோர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எதிர்த்துக் கேட்கும் வியாதி உண்டு.

"அப்ப எதுக்கு சார் உள்ள போடறோம்?"

"புத்தகத்துல மூணு காரணம் போட்டிருக்கான். தண்டிக்க, பயமுறுத்த, திருத்த. தண்டிக்கிறதா? டி.வி., காபி, யோகா... அது ஓட்டல்! ஓட்டலுக்கு எவன் பயப்படுவான்? திருத்தறது..." சிரித்தார். "போன செவ்வாய்க்கிழமை பாத்தியே... எஸ்கில்!"

பார்த்திருந்தாள்.

எஸ்கில். படகுக் கொட்டகைக்குத் தீ வைத்து, உள்ளே தூங்கிய காவலாளியைக் கொன்றதாகப் பதினோரு வருடம் சிறை. வெளியே வந்து இரண்டு மாதம். வாராவாரம் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

போன செவ்வாய், நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கொட்டும் பனியில் நாற்பது நிமிடம் நின்றான்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

"பதினோரு வருஷமா வேற யாரோதான் சார் அவருக்குக் கதவு திறந்திருக்காங்க. கை மறந்துடும்."

"நடிப்பும்மா! கதவுல கைப்பிடின்னு ஒண்ணு இருக்கே... அழகுக்கா வெச்சிருக்கான்?"

ட்ரிங்ங்ங்...!

குன்வோர் எடுத்தாள். மறுமுனையில் தபால்காரப் பெண்ணின் அலறல்.

"ஹால்வர் வீடு...! ஜன்னல் வழியா பாத்தேன்...! தரையில கிடக்கறாரு... ரத்தம்...!"

ஹால்வர்!

தோர்கெய்ரோடு முப்பது வருடம் ஒரே காரில் சுற்றிய போலீஸ்காரர். ஓய்வு பெற்றபின் ஏரிக்கரையில் தனி வீடு. வயிற்றில் புற்றுநோய். வசந்தம் வரைக்கும் டாக்டர் கெடு கொடுத்திருந்தார்.

அதுவரை காத்திருக்க யாருக்கோ பொறுமையில்லை!

தோர்கெய்ர் மீதிக் காபியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தார்.

வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி உறைகுளிர். கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.

"கொன்னவன் ஓடியிருக்க மாட்டான். அங்கேயேதான் நிப்பான், பாரு."

"எப்படி சார் சொல்றீங்க?"

"அனுபவம்மா... அனுபவம்!"

ஹால்வர் கணப்புக்கு முன்னால் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் நெருப்பு கிளறும் இரும்புக் கம்பி. மேஜையில் இரண்டு காபிக் கோப்பைகள். இரண்டும் ஆறிப் போயிருந்தன.

தோர்கெய்ர் உடலருகே நின்றார். கையுறையைக் கழற்றவில்லை. எதையும் தொடவும் இல்லை.

குன்வோர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். மூலையில் விறகு அறை. சாத்தியிருந்தது. பித்தளைக் கைப்பிடி. அதன்மேல் காய்ந்த பழுப்பு நிறத்தில் ஏதோ...

ஓரத்தை மட்டும் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"வீல்ல்ல்...!"

கத்தியது அவளேதான்.

கதவுக்குப் பின்னால், மூக்கு உரசும் தூரத்தில், ஒரு மனிதன். கைகள் இரண்டும் பக்கவாட்டில். உதடு நீலம்.

எஸ்கில்!

"திறந்துட்டீங்களா?" என்றான். "நன்றி மேடம்."

"சொன்னேனா இல்லையா!" தோர்கெய்ர் பாய்ந்து வந்தார். "கொன்னுட்டு ஒளிஞ்சிட்டிருக்கான்! இந்தத் தடவை இருபத்தோரு வருஷம்டா உனக்கு! வெளிய வரும்போது கிழவனாயிடுவே!"

அவர் விலங்கை எடுக்கும் முன்பே எஸ்கில் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினான்.

யாரும் நீட்டச் சொல்லவில்லை.



"எவ்வளவு நேரமா உள்ள நிக்கறீங்க?"

"காலைல ஏழு மணியிலேர்ந்து."

நாலரை மணி நேரம்!

"இதுல பூட்டே இல்லையே!"

"தெரியும். ஆனா யாரும் திறக்கல."

"டேய்!" தோர்கெய்ர் கதவைக் காட்டினார். "இந்தக் கைப்பிடி என்ன, அழகுக்கா வெச்சிருக்கான்?"

எஸ்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" குன்வோர் விடவில்லை.

"ஹால்வர் லெட்டர் போட்டிருந்தாரு. சாகறதுக்குள்ள ஒரு உண்மை சொல்லணும்னு. அந்தத் தீ கேஸ்ல என் வீட்டுல கிடைச்ச பெட்ரோல் கேன்... அதை யாரு கொண்டுவந்து வெச்சாங்கன்னு."

"கதை!" என்றார் தோர்கெய்ர். "வண்டியில ஏத்தும்மா!"

"ஒரு நிமிஷம் சார். அப்புறம்?"

"விறகு எடுக்கச் சொன்னாரு. அவரே கதவு திறந்து விட்டாரு. உள்ள வந்தேன். வெளிய யாரோ வந்தாங்க. ஹால்வர் அவசரமா இந்தக் கதவைச் சாத்தினாரு. சண்டை. ஏதோ விழுந்தது. 'எஸ்கில்... வெளிய வா...'ன்னு கூப்பிட்டாரு. மூணு தடவை." தன் கைகளைப் பார்த்தான். "கை மேல எழும்பவே இல்ல மேடம்."



"அதுக்கப்புறம்?"

"வந்த ஆளு கதவுகிட்ட வந்து, கைப்பிடியைப் பிடிச்சு இன்னும் அழுத்திச் சாத்தினாரு. 'அங்கேயே நில்லு... நானே வந்து திறக்கறேன்'னாரு. ஜெயில் வார்டர் சொல்ற மாதிரியே. நின்னேன்."

"அந்தக் குரல் யாருதுன்னு தெரியுமா?"

"தெரியுமே."

"கடவுளே! ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

விலங்கிட்ட கைகளை உயர்த்தினான். விரல் நீண்டது.

இன்ஸ்பெக்டர் தோர்கெய்ரை நோக்கி!

தோர்கெய்ர் பெரிதாகச் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே.

"கொலைகாரன் சாட்சி சொல்றானாம்! எவன் நம்புவான்?"

"அவரை நம்ப வேண்டாம் சார். கைப்பிடியை நம்பலாம். வெளிப்பக்கம் ரத்தத்துல ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. அவர் உள்ள இருந்தாரு. நான் ரப்பர் கையுறை. நீங்க வந்ததிலேர்ந்து கையுறையைக் கழட்டவே இல்ல." குன்வோர் கையை நீட்டினாள். "இப்பக் கழட்டுங்க... விரலைப் பாப்போம்."

தோர்கெய்ர் கழற்றவில்லை.

"தபால்காரம்மா பிணத்தை மட்டும்தான் பாத்தாங்க. ஆனா கார்ல, 'அங்கேயேதான் நிப்பான்'னு சொன்னீங்க. ஜெயில் யாரையும் மாத்தாதுன்னு ஊரெல்லாம் பேசினீங்க... ஆனா, இவர் திறக்க மாட்டார்னு நம்பித்தானே சார் விட்டுட்டுப் போனீங்க? அந்தக் கேனை வெச்சது நீங்க ரெண்டு பேரும்தானே?"

தோர்கெய்ர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஹால்வரின் நாற்காலி.

"அந்த முட்டாள்," என்றார், "நிம்மதியா சாகணும்னு ஆசைப்பட்டான்."

எட்டு வருடம் ஓடியது.

ஸ்க்ரேவிக் கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை. முதலாளி எஸ்கில். மறுவிசாரணையில் விடுதலையானவன். முதல் வருடம் முழுக்க குன்வோர்தான் தினமும் காலையில் வந்து கடையைத் திறந்துவிட்டாள். இப்போது அவனே திறக்கிறான். சில நாட்கள் சும்மாவே இரண்டு தடவை திறந்து பார்ப்பான்.

அன்று பனி கொட்டியது. இன்ஸ்பெக்டர் குன்வோர் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தபடி ஜன்னலைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது.

"எஸ்கில்... வெளிய பாருங்க."

கதவுக்கு வெளியே ஒரு நரைத்த மனிதர். சிறையிலிருந்து முதல் முறையாக ஒரு நாள் விடுப்பில் வந்தவர். தோளில் இரண்டு அங்குலப் பனி. கைகள் இரண்டும் பக்கவாட்டில். உள்ளே வெளிச்சம் இருந்தது. காபி மணந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை.

தோர்கெய்ர் நின்றுகொண்டிருந்தார். சத்தமில்லாமல். யாரோ வந்து திறப்பார்கள் என்று.

எஸ்கில் கையிலிருந்த மாவைத் துடைத்தான். நடந்து போய்க் கதவைத் திறந்தான்.

"நன்றி," என்றார் தோர்கெய்ர், தரையைப் பார்த்து.

எஸ்கில் கைப்பிடியைத் துணியால் ஒரு தடவை பளபளவென்று துடைத்தான்.

"அழகுக்குத்தான் சார் வெச்சிருக்கோம்... உள்ள வாங்க!"