அடி பட்டவர் எழுத வேண்டும்

"இது லேடீஸ் ஃப்ரேம் சார்."

"தெரியுங்க."

"உங்க காது வரைக்கும் எட்டாது."

"எட்ட வைங்க."

"காதை வேணும்னா கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்கட்டுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைக்கு வந்தவரிடம் பேசுகிற பேச்சா இது! ஆனால் மூன்று நாளாக விடாத மழை... ஈரத்துணி வாடை அடிக்கிற கடை... எரிச்சலை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. தன் தலையிலிருந்து சொட்டிய நீர் கண்ணாடி மேஜையில் விழுவதைப் பார்த்துச் சட்டைக் கையால் துடைத்தான். துடைக்கக் குனிந்தபோது இன்னும் சொட்டியது.

மேஜை மேல் அவன் வைத்திருந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய ஃப்ரேம். ஒரு பக்கம் லென்ஸே இல்லை. மறுபக்கத்தில் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

"இதுலயே என் பவரைப் போட்டுக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வந்தவரை விரட்டாதடி. அவர் ஆசைப்படுறதைப் போட்டுக் கொடு," என்று பில் மேஜையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். கடை அக்காவுடையது. லென்ஸ் தேய்ப்பதும் கண் அளப்பதும் இவள் வேலை.

அளவுகோலை எடுத்து அவன் மூக்குத்தண்டின் மேல் வைத்தாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் செய்கிற காரியம்.

"என் இடது கண்ணை மட்டும் பாருங்க," என்று சொல்லித் தன் வலது கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் பார்த்தான்.

எத்தனையோ கண்களை அளந்திருக்கிறாள். கூச்சத்தில் படபடக்கிற கண்கள், அவசரத்தில் அலைகிற கண்கள்... இந்தக் கண்கள் அசையவே இல்லை. நெடுநேரம் அழுது முடித்த வீடு போல அமைதியாக இருந்தன. அளவுகோலின் கோடுகள் ஒரு நொடி அவளுக்குத் தப்பிப்போயின...

"அறுபத்து நாலு," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "நாளை மறுநாள் வாங்க."

மழை அவனை வெளியே விடவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவதும் அழிப்பதுமாகக் கால் மணி நேரம். மழை சற்றுத் தணிந்ததும் எழுந்து போய்விட்டான்.

அவள் மேஜைக்குப் பின்னால் இருந்த பழைய கணினியில் தன் இணைய மன்றத்தைத் திறந்தாள்.

அந்த மன்றத்தில் படம் கிடையாது, ஓசை கிடையாது... எல்லாம் எழுத்துதான். ஆளுக்கொரு விலங்கைக் கற்பனையில் படைத்து, பெயர் வைத்து, அதை எழுத்தாலேயே வளர்த்து, எழுத்தாலேயே மோத விடுவார்கள். ஒரு முறைக்கு இருநூறு சொல். மூன்று நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் விலங்கு ஒரு நிலை கீழே இறங்கிவிடும். வென்றால் இரண்டு புள்ளி. தோற்றாலும், எழுத்து நன்றாக இருந்தால் அரைப் புள்ளி. இருபது புள்ளிக்கு ஒரு நிலை. பத்தாம் நிலையைத் தொட்ட விலங்கின் பெயரும் அதைப் படைத்தவர் பெயரும் பெயர்ச்சுவரில் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முதல் விதி ஒன்று உண்டு. அடியை ஓங்குவது வரைதான் உன் உரிமை. பட்டதா, விலகியதா, எவ்வளவு வலித்தது... அதை எழுத வேண்டியவர் அடி வாங்கியவர்.

அங்கே அவளுக்குப் பெயர் நடுவர். அவ்வளவுதான். யார் யாரை அடித்தார்கள் என்று படிப்பாள், புள்ளி போடுவாள். நடுவருக்கு விலங்கு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

அன்று காத்திருந்தது 'வாலு' எழுதிய பதில். வாலுவின் விலங்கு பொத்தான், ஆமை ஓட்டைச் சுமக்கிற பூனை. ஒரு காலத்தில் பொத்தான் ஒரு அடிகூட வாங்காது. எதிராளியைக் கிண்டல் செய்துகொண்டே விலகி ஓடும். பத்து மாதத்துக்கு முன்பு, ஒரு மோதலின் நடுவிலேயே, அது மாறிவிட்டது. அன்றிலிருந்து ஓங்கிய அடி ஒவ்வொன்றையும் வாங்குகிறது. எங்கே பட்டது, எப்படி வலித்தது என்று அமைதியாக எழுதுகிறது. தோற்கிறது. ஒவ்வொன்றையும் இவள் இரண்டு முறை படிப்பாள். எல்லாத் தோல்விக்கும் தவறாமல் அரைப் புள்ளி போட்டாள். ஏதோ ஒரு சின்னப் பெண் திடீரென்று வளர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்...

படிக்க ஆரம்பித்தாள்.

'இரும்புக்கொக்கு அலகை ஓங்கியபோது பொத்தான் வேறெங்கோ இருந்தது. அதன் மூக்கின் மேல் குளிர்ந்த அளவுகோல் ஒன்று கிடந்தது. எதிரே ஒரு கண் மூடியிருந்தது, ஒரு கண் திறந்திருந்தது. திறந்த கண்ணுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அதையே பார்த்திருந்ததில், அடி விழுந்தது பொத்தானுக்குத் தெரியவில்லை. பத்து மாதத்தில் முதல் முறையாக வலிக்கவில்லை.'

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஈரத் தடம் மட்டும் இருந்தது.

முகம் சூடாயிற்று. என் கண்ணா...? அடுத்த நொடியே அந்தச் சூடு அடங்கியது. வாலுவின் அறிமுகப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். 'வயது பத்தொன்பது. ஒரு அண்ணன் உண்டு. சுத்த மக்கு.' பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு முப்பதுக்குக் குறையாது.

ஆள் மாறாட்டம்.

ஏழாம் விதி: படைத்த கையே எழுத வேண்டும், கை மாறினால் விலங்கு அழிக்கப்படும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். முன்பு இதே மன்றத்தில் ஒருவன் எட்டு மாதம் அவளோடு பேசினான். விலங்கைப் பற்றித் தொடங்கி, மழையைப் பற்றி, அம்மாவைப் பற்றி... கடைசியில் அவன் ஒருவனே அல்ல. மூன்று நண்பர்கள், முறை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அவள் அனுப்பியதையெல்லாம் சத்தமாகப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஏழாம் விதி. அதற்குப் பிறகுதான் நடுவர் நாற்காலி. யாரும் தன்னை நோக்கி எதையும் ஓங்க முடியாத இடம்.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். மழையோடுதான் வந்தான். அக்கா சாப்பிடப் போயிருந்தாள்.

கத்தரிப்பூக் கண்ணாடியை அவன் முன்னால் வைத்தாள். ஃப்ரேமின் காதுக் கைகளைச் சூடு காட்டி, முடிந்த மட்டும் நீட்டி வளைத்திருந்தாள்.

"போட்டுப் பாருங்க... வாலு."

அவன் கை அந்தரத்தில் நின்றது. "நீங்க...?"

"நடுவர்."

அவன் கையை மேஜைக்கு இறக்கினான்.

"அந்தப் பேர்ல இருக்கிறது பத்தொன்பது வயசுப் பொண்ணு. எத்தனை நாளா ஏமாத்துறீங்க?"

"பத்து மாசமா."

மழுப்பாமல் வந்த அந்தப் பதில் அவளை இன்னும் சீண்டியது. "அவங்க எங்க? எழுதி அலுத்துப்போச்சுன்னு அண்ணன் கையில கொடுத்துட்டாங்களா?"

அவன் கண்ணாடியை எடுத்தான். விரலால் அதன் விளிம்பைத் தடவினான்.

"இது அவளோடதுங்க."

வெளியே மழை... உள்ளே லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"வீட்டுலயும் அவ பேரு வாலுதான். வண்டி ஓட்டினது நான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லைங்க." நிறுத்தினான். "மூணாம் நாள் அவ ரூமை ஒதுக்கப் போனேன். கணினில இந்தப் பக்கம் திறந்தே இருந்துச்சு. கெடு முடிய ரெண்டு மணி நேரம்னு காட்டுச்சு. எழுதலைன்னா பொத்தான் ஒரு நிலை இறங்கிடுமாம். ஒம்போதாம் நிலைக்கு வந்தப்ப அவ வீடு முழுக்க ஆடுனா... அதான் உட்கார்ந்துட்டேன். விலகிட்டேன்னு எழுதிப் பார்த்தேன். கை வரல."

அவளால் அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை.

"பத்துக்கு வந்தா அவ பேரு சுவர்ல ஏறும். கணக்குப் போட்டு வச்சிருக்கேன். இன்னும் ஒம்போது தடவை தோத்தா போதும்."

அவளுக்குள் ஏதோ இளகத்தான் செய்தது. ஆனால் கூடவே அந்த மூன்று பேரின் சிரிப்பும் கேட்டது. இன்னொரு தடவை ஏமாறப் போறியா... என்று கேட்டது.

"விதி விதிதான் சார்," என்று அவள் வாய் சொன்னது.

"சரிங்க," என்றான். "அழிச்சிடுங்க."

கெஞ்சவில்லை, வாதாடவில்லை. இதிலிருந்தும் விலகவில்லை! கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். அது அவன் நெற்றிப்பொட்டுகளை இறுக்கிப் பிடித்தது. அப்படியே மழைக்குள் இறங்கிப் போனான்.

திரும்பி வந்த அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பேரையும் சேர்த்து. அதுவரை அக்காவுக்கும் தெரியாத கதை அது.

அக்கா வெகுநேரம் குடையை உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு, "உன்னைக் கேலி பண்ணினது மூணு பேரு. நாலாவதா இவரை ஏண்டி அந்த வரிசையில நிறுத்துற?" என்றாள். "எனக்கு ஏதாவது ஆகி, என் கணக்கை நீ எழுதினா, அதுக்குப் பேரு ஏமாத்துறதா?"

"அக்கா, வாயைக் கழுவு!"

"கழுவிட்டேன். நீ போய் எழுதுறதை எழுது."

எழுதினாள். அழிக்கவும் மனம் வரவில்லை, கண்டும் காணாமல் விடவும் முடியவில்லை. 'ஏழாம் விதியில் ஒரு குறை இருக்கிறது. குறை என்னுடையது. படைத்தவர் இறந்துவிட்டால் விலங்கு அழியாது. இனி மோதவும் மோதாது. எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையோடு பெயர்ச்சுவரில் ஏறும்.' சுவரில் முதல் முறையாக ஒன்பதாம் நிலைப் பெயர் ஒன்று ஏறியது. 'பொத்தான். வளர்த்தவர் வாலு.' அதன் கீழே, தன் நலனுக்காக எழுதிய விதியால் ஒருவரை நோகடித்தவள் நடுவராக இருக்கக் கூடாது என்று எழுதி, பொறுப்பை இறக்கி வைத்தாள்.

அவனுக்குத் தனியாக ஒரே வரி. 'இனி அது தோற்க வேண்டாம்.'

பதில் வரவில்லை.

மழை நின்றது. வானம் மட்டும் வெளுக்கவே இல்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். வாசித்துவிட்டான் என்ற குறி மட்டும் மன்றத்தில் இருந்தது. வாசித்துவிட்டு... அவ்வளவுதானா? சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடிந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

பதினாறாம் நாள் புதிய விலங்கு ஒன்று பதிவாகியிருந்தது. பெயர் வைக்காத ஒரு நத்தை. நிலை பூஜ்யம். வளர்ப்பவர் பெயர்: மக்கு.

திரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தபோதே கண் நிறைந்துவிட்டது.

இப்போது அவள் நடுவர் இல்லையே. தனக்கும் ஒரு விலங்கைப் படைத்தாள்... மழைக்குப் பயந்த ஒரு தவளை. வளர்ப்பவர் பெயர்: முன்னாள் நடுவர். நத்தையை மோதலுக்கு அழைத்து, இருநூறு சொல்லில் ஒரு அடி ஓங்கினாள். மூன்று நாள் கெடுவின் கடைசி மணியில் பதில் வந்தது.

'நத்தை விலகியது. ஆனால் நத்தை அல்லவா... இருநூறு சொல்லும் தீரும் வரை விலகிக்கொண்டே இருந்தது. மெல்ல மெல்ல. தப்பித்துவிட்டது. தப்பித்ததற்காக முதல் முறையாக அது மன்னிப்புக் கேட்கவில்லை. என் அடியை நேரில் வந்து ஓங்குகிறேன்.'

மறுநாள் மாலை கதவு திறந்தது. கண்ணாடியின் கைகள் அவன் நெற்றிப்பொட்டுகளில் இரண்டு சிவந்த கோடுகளைப் பதித்திருந்தன.

"காதுக்கு எட்டுற மாதிரி ஒண்ணு வேணுங்க," என்றான். "இதை... வீட்டுல வச்சிக்கிறேன்."

"காது முன்னாடி தள்ளி வரலை போல," என்றாள். குரல் உடைந்தது.

அக்காவுக்குத் திடீரென்று உள்ளே ஒரு வேலை முளைத்தது.

அளவு சீட்டில் இருக்கிறது. அறுபத்து நாலு. திரும்ப அளக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அளவுகோலை எடுத்தாள். அவன் மூக்கின் மேல் வைத்தாள்.

"என் இடது கண்ணைப் பாருங்க..."

"வேற எதைங்க இத்தனை நாளா பார்த்துட்டு இருக்கேன்?"

அவள் அளவுகோலை நேராக்கினாள்.

"என் வீட்டுல இப்ப யாரும் சிரிக்கிறதில்லைங்க," என்றான் மெதுவாக. "அம்மா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசியே நாளாச்சு. நானும் சரியா தூங்குறதில்லை. என்கூட சேர்ந்தா இதெல்லாம் உங்க மேலயும் விழும். இது நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு." மூச்சு விட்டான். "ஓங்கிட்டேன். நீங்க விலகிக்கலாம். அது உங்க உரிமை."

விலகுவது அவளுக்குக் கைவந்த கலை. எத்தனை ஆண்டாக விலகியிருக்கிறாள்! ஒரு நாற்காலியையே அதற்காகப் போட்டு உட்கார்ந்திருந்தவள். இப்போதும் ஒரு அடி பின்னால் வைத்தால் போதும்...

அவன் கண்கள் அசையாமல் காத்திருந்தன. வெளியே மறுபடியும் தூறல் பிடித்தது.

"அளவுதான் சீட்டுல இருக்கேடி!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "இன்னும் என்ன அளக்குற?"

அளவுகோலின் கோடுகள் அவள் கண்ணீரில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவள் அதை எடுக்கவில்லை. மூடியிருந்த வலது கண்ணையும் திறந்தாள்.

"பட்டுச்சு," என்றாள். "நல்லாவே பட்டுச்சு..."